மின்னூற் கருவியில் தமிழ்

மௌலா அலியின் ரெயில்வே குடியிருப்பு போன்ற இடங்களில் வாழும் தமிழராகிய நமக்குத் தமிழ் நூல்கள் எளிதில் கிட்டுவதில்லை. மாற்றல் வந்தால், சேர்த்தவற்றைச் சுமப்பதும் அரிது. இக்குறைகளை மின்னூற் கருவி தீர்க்கின்றது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை விலையின்றி வழங்குகின்றது.

நூலைத் தேர்கையில் வடிவத்தைக் கருதுவோமாக. பிடிஎஃப் வடிவில் பக்கம் அச்சிட்டாற்போல் நிலைத்து நிற்கும். எழுத்தைப் பெருக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும். ஈபப் வடிவிலோ வரிகள் தாமே மடங்கி அமையும். கிண்டில் கருவியைக் கணினியுடன் இணைத்து, அதன் எழுத்துரு உறையில் நாம் விரும்பும் ஒருங்குறி எழுத்துருவையும் இடலாம்.

பாட்டனாரின் மங்கிய கண்ணுக்குப் பெரிய எழுத்து. பள்ளியில் தெலுங்கு பயிலும் பேரனுக்கு இடைவெளி மிகுந்த வரி. இவ்வாறு அமைத்துக்கொண்டால், நம் இல்லங்களில் பேச்சளவில் நின்றுவிட்ட தமிழ் எழுத்திலும் நிலைபெறும்.