பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் பூச்சிகளின் தூண்டலும் துலங்கலும்

ஆய்வுச்சுருக்கம்
தென்னையைத் தாக்கும் இரு பூச்சிகள் மணத்தையும் நிறத்தையும் உணர்ந்து துலங்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. கவர்ச்சிப் பொறியின் பயன் அதனை வைக்கும் இடத்தையும் சார்ந்தது என்பதை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: தூண்டல், துலங்கல், ஏற்பி, சிவப்புக் கூன்வண்டு, சுருள் வெள்ளை ஈ

முன்னுரை
உயிரியின் செயலை மாற்றவல்ல சூழல் மாற்றம் தூண்டல் எனப்படும். அதற்கு உயிரி காட்டும் எதிர்வினை துலங்கல் எனப்படும். கோவை மாவட்டத்தின் பொள்ளாச்சி, ஆனைமலை வட்டாரத் தோப்புகளில் பயன்படும் பொறிகள் இவ்விரண்டின் தொடர்பை அடிப்படையாகக் கொண்டவை.

மணத் தூண்டல்
சிவப்புக் கூன்வண்டின் ஆண், ஃபெருஜினியால் என்னும் வேதிப்பொருளை வெளியிடுகிறது. 1993இல் இனங்காணப்பட்ட இப்பொருள் ஆண், பெண் இரண்டையும் ஈர்க்கும். ஆதலின் ‘இனக்கவர்ச்சிப் பொறி’ என்னும் வழக்கைப் பாலினக் கவர்ச்சி என இங்குப் பொருள்கொள்ளலாகாது; இது இனத்தைத் திரட்டும் மணமாகும்.

காற்றில் வரும் மண மூலக்கூறு, உணர்கொம்பிலுள்ள நுண்மயிர்களின் துளைகள் வழியே புகுகிறது. அங்குள்ள புரதம் அதனை ஏற்பியிடம் சேர்க்க, நரம்பணுவில் மின்குறிப்பு எழுந்து மூளையை எட்டுகிறது. வண்டு காற்றை எதிர்த்துப் பறந்து மணத்தின் பிறப்பிடத்தை நாடுகிறது.

வெட்டுக்காயத்திலிருந்து எழும் தென்னையின் மணமும் இவ்வண்டை அழைக்கும். அக்காயத்தில் இடப்படும் முட்டையிலிருந்து வரும் புழு தண்டைத் துளைக்காதிருக்கவே, பச்சை மட்டையைத் தண்டிலிருந்து 120 செ.மீ. விட்டு வெட்டுமாறு பரிந்துரைக்கப்படுகிறது. மணத்தை நாடிவரும் வண்டுகள் யாவும் பொறிக்குள் வீழ்வதில்லை; சில அருகிலுள்ள மரத்தில் தங்கும். எனவே இளந்தென்னையின் அருகில் பொறி வைப்பது, காக்க வேண்டிய மரத்திற்கே பகையை அழைப்பதாகும்.

நிறத் தூண்டல்
2016இல் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இடங்களுள் பொள்ளாச்சியும் ஒன்று. ஓலையின் அடிப்புறத்தில் சாறுறிஞ்சும் இப்பூச்சி வெளியேற்றும் இனிப்புக் கழிவின்மீது கரும்பூசணம் படர்ந்து ஒளிச்சேர்க்கையைத் தடுக்கிறது. மஞ்சள் நிறத்தை நாடும் இதன் இயல்பே, விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறிக்கு அடிப்படை. ஆனால் அந்நிறம் வேறு பல பூச்சிகளையும் ஈர்க்கும். வெள்ளை ஈயின் இளம்பருவத்தை அழிக்கும் என்கார்சியா போன்ற சிறு குளவிகளும் அதில் சிக்கக்கூடும். ஆதலின் குளவிகள் பெருகியுள்ள தோப்பில் ஒட்டுப்பொறியை அளவறிந்து பயன்படுத்துதல் வேண்டும்.

முடிவுரை
பொறி பூச்சியைப் பிடிக்கும் கருவி மட்டுமன்று. சூழலில் புதிதாகச் சேர்க்கப்படும் ஒரு தூண்டலுமாகும். அதனை உணரும் உயிரிகள் எவை, உணர்ந்தபின் அவை எங்குச் செல்லும் என்பவற்றை அறிந்து வைக்கும்போதே அது தோப்பைக் காக்கும்.