மனு போட்ட தேதியிலிருந்துதான் கணக்கு

டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டே கேளுங்கள், நிதானமாகப் பேச வேண்டிய விஷயம் இது. "விவாகரத்துத் தீர்ப்பு வரட்டும், அப்புறம் ஜீவனாம்சம் கேட்டுக்கொள்ளலாம்" என்று நிறையப் பெண்கள் இருந்துவிடுகிறார்கள். பிறந்த வீட்டுப் பெரியவர்களும் அதையே சொல்கிறார்கள். அப்படிக் காத்திருக்கத் தேவையே இல்லை. காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் கைவிட்டுப் போகும் பணம்.

இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, வழக்கு நடக்கும்போதே கேட்கும் இடைக்கால ஜீவனாம்சத்துக்கானது. விவாகரத்து மனுவைப் போட்டது யாராக இருந்தாலும் சரி, போதிய வருமானம் இல்லாதவர் மாதச் செலவும் கேட்கலாம், வழக்குச் செலவும் கேட்கலாம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்து 60 நாளுக்குள் கூடியவரை இதை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா விழும், அதற்கும் மனதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். 25-ஆவது பிரிவு நிரந்தர ஜீவனாம்சம். தீர்ப்பின்போதோ அதற்குப் பிறகோ, மாதாமாதமாகவோ மொத்தமாகவோ கேட்கலாம். இந்த இரண்டு பிரிவுகளிலும் கணவனும் மனைவியிடம் கேட்க இடமுண்டு.

சரி, விவாகரத்து வழக்கே இல்லை, கணவர் சும்மா கைவிட்டுவிட்டார் என்றால்? குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவாகிவிட்டது. எண்தான் மாறியது. இதற்கு மதம் கிடையாது. ஷா பானு வழக்கில் 1985-இலேயே உச்ச நீதிமன்றம் அதைச் சொன்னது. விவாகரத்தான முஸ்லிம் பெண்களுக்கும் இந்தப் பிரிவு உண்டு என்று 2024 ஜூலை 10-ஆம் தேதி மறுபடியும் உறுதி செய்தது. விவாகரத்தாகி மறுமணம் செய்துகொள்ளாத பெண்ணும் இதன்படி மனைவிதான். கணவர் சென்னையில், நீங்கள் தென்காசியில் அம்மா வீட்டில் என்றால், தென்காசியிலேயே மனு போடலாம். குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழும் பணம் கேட்க வழியிருக்கிறது. ஆனால் ஓரிடத்தில் உத்தரவு வாங்கியிருந்தால் அதை மற்ற கோர்ட்டில் மறைக்கக் கூடாது, அந்தத் தொகையைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்.

இதையெல்லாம் ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தது 2020 நவம்பர் 4-ஆம் தேதி, ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அதில் இரண்டு விஷயங்கள் உங்களுக்கு முக்கியம். முதலாவது, ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்து கணக்கிடப்படும். உத்தரவு இரண்டு வருஷம் கழித்து வந்தாலும் அந்த இரண்டு வருஷப் பாக்கியும் உங்களுக்கு வந்தாக வேண்டும். மனு போடாமல் கடத்திய மாதங்களுக்கு இந்தக் கணக்கு உதவாது.

இரண்டாவது, இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கின் உயிரே இந்தப் பத்திரத்தில்தான் இருக்கிறது. அவர் செய்த கொடுமையைப் பத்துப் பக்கம் எழுதுகிறவர்கள், செலவுக் கட்டத்தில் "மாதம் 25,000 ரூபாய்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நீதிபதி எதை வைத்து நம்புவார்? வாடகை, மளிகை, பால், கேஸ், கரண்ட் பில், பிள்ளையின் ஸ்கூல் பீஸ், வேன் கட்டணம், அம்மாவுக்கு மாத்திரை எனத் தனித்தனியாக எழுதுங்கள், ரசீது இருப்பதற்கு ரசீது வையுங்கள். கூட்டியும் எழுத வேண்டாம், கூச்சப்பட்டுக் குறைத்தும் எழுத வேண்டாம்.

கணவர் கடை வைத்திருக்கிறார், சம்பளச் சீட்டு இல்லை, "வியாபாரமே இல்லை" என்று சொல்கிறார் என்றால் கலங்காதீர்கள். வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ் பிரீமியம், ஜி.எஸ்.டி. பதிவு, வாடகைக்கு விட்ட வீடு என்று தடயம் இருக்கும். வங்கிக் கடன் வாங்கியபோது வருமானம் எவ்வளவு என்று அவரே எழுதிக் கொடுத்திருப்பார். அந்த விண்ணப்பத்தை வரவழைக்கச் சொல்லி உங்கள் வக்கீலிடம் கேளுங்கள். உடல் வலுவுள்ளவர் கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருக்கிறது.

எவ்வளவு கிடைக்கும்? நிலையான சூத்திரம் எதுவும் இல்லை. நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமானது என்று 2017-இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதையே விதி என்று பலர் பேசுகிறார்கள், விதியல்ல. சேர்ந்து வாழ்ந்தபோது இருந்த வசதி, வயது, படிப்பு, பிள்ளைகள், வேலையை விட்டுவிட்டு வீட்டைப் பார்த்த வருஷங்கள் எல்லாம் கணக்கில் வரும். நீங்கள் டிகிரி படித்திருப்பதாலோ சின்னதாக ஒரு வேலையில் இருப்பதாலோ மட்டும் உரிமை போய்விடாது. ஆனால் 144-ஆவது பிரிவில், போதிய காரணமில்லாமல் கணவருடன் வாழ மறுப்பவருக்கும், இருவரும் சம்மதித்துத் தனியாக வாழ்கிறவர்களுக்கும் கிடையாது.

நான் அதிகம் பயப்படுவது பரஸ்பர சம்மத விவாகரத்தில்தான். சீக்கிரம் முடிந்தால் போதும் என்ற களைப்பில், "இனி எந்தக் காலத்திலும் ஜீவனாம்சம் கோர மாட்டேன்" என்ற வரியின் கீழ் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். கடைசிக் கையெழுத்துக்கு முன் பணம் டிடியாக கோர்ட்டில் கைக்கு வர வேண்டும், பின்தேதியிட்ட செக்கை நம்ப வேண்டாம். உங்கள் நகையும் சீர்ப் பொருளும் உங்கள் சொத்து, அதைத் திருப்பித் தருவதை ஜீவனாம்சத்தில் கழிக்கச் சம்மதிக்காதீர்கள். பிள்ளைக்கான தொகையைத் தனிப் பத்தியாக எழுதச் சொல்லுங்கள். மாதமா, மொத்தமா என்று கேட்டால், நிலையான சம்பளக்காரரிடம் மாதத் தொகையும், தொழில் செய்பவரிடமோ வெளிநாட்டில் இருப்பவரிடமோ மொத்தத் தொகையும் நல்லது என்பது என் கருத்து.

உத்தரவு வந்தும் பணம் வரவில்லையென்றால், 144-ஆவது பிரிவு உத்தரவுக்கு, தொகை சேர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் வசூல் மனு போட்டுவிடுங்கள். தராத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு, சிறைக்குப் போய்வந்தாலும் பாக்கி அப்படியே நிற்கும். விலைவாசி ஏறினால் தொகையை உயர்த்தக் கேட்கலாம். அவருக்கு வேலை போனால் அவரும் குறைக்கக் கேட்கலாம்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று மட்டும் நின்றுவிடாதீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தைக் கேளுங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.