ஈரப்பதம்: விழுக்காட்டுக்குப் பின்னால் உள்ள கணக்கு

வானிலையியலும் மண்ணியலும் தானியச் சேமிப்பும் 'ஈரப்பதம்' என்னும் ஒரே சொல்லை ஆள்கின்றன என்றாலும், விழுக்காட்டை எதன் அடிப்படையில் கணக்கிடுவது என்பதில் அவை தம்முள் வேறுபடுகின்றன. காற்றின் ஈரப்பதம் என்பது, குறிப்பிட்ட வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு அதில் உள்ளது என்பதாகும். 30 பாகை செல்சியசில் அது 100 விழுக்காட்டை எட்டினாலும் ஒரு கன மீட்டர் காற்றில் இருப்பது ஏறத்தாழ 30 கிராம் நீரே. மண்ணியலார் நீரின் எடையை உலர்ந்த மண்ணின் எடையால் வகுப்பதால், மட்கு மிகுந்த மண்ணில் ஈரப்பதம் 100 விழுக்காட்டைத் தாண்டுவதும் உண்டு.

நெல்லுக்கோ நீரும் சேர்ந்த மொத்த எடையே அடிப்படை. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் வழக்கமான உச்சவரம்பு 17 விழுக்காடு. மழைக்காலங்களில் அதனை 22 ஆகத் தளர்த்துமாறு திருவாரூர் உள்ளிட்ட டெல்டா மாவட்ட உழவர்கள் கோருவது வழக்கம். இடைப்பட்ட வேறுபாடு 5 விழுக்காடுதான் என்பதால் 100 கிலோவுக்கு 5 கிலோ நீர் போனால் போதும் என்று தோன்றும். ஆனால் 22 விழுக்காட்டு நெல்லில் உலர்பொருள் 78 கிலோ. அது மொத்தத்தில் 83 விழுக்காடாக வேண்டுமெனில் நெல்லின் எடை 94 கிலோவாகக் குறைய வேண்டும், அதாவது 6 கிலோ நீர் வெளியேற வேண்டும். நீர் குறையக் குறைய மொத்த எடையும் குறைந்துகொண்டே வருவதால் நேரும் விந்தை இது.

இதனினும் முக்கியமானது, காற்று, நெல் ஆகிய இரண்டின் ஈரப்பதங்களும் களத்தில் ஒன்றையொன்று கட்டுப்படுத்துவதாகும். நெல்மணி சுற்றியுள்ள காற்றோடு சமநிலை எய்தும்வரை ஈரத்தை வாங்கவோ விடவோ செய்யும். காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டை ஒட்டி நீடிக்குமானால் நெல்லின் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குச் சற்று மேலேயே நின்றுவிடும். ஐப்பசி அடைமழையில் குறுவை நெல்லைச் சாலையோரத்தில் கொட்டி, தார்ப்பாயை மூடியும் விலக்கியும், கிளறிக் கிளறிக் காயவைக்கும் உழவரிடம் எந்தச் சோம்பலும் இல்லை. அந்தக் காற்று அதற்குமேல் உலர்த்தாது. அந்நிலையில் வெயிலை மட்டும் நம்பி 17 விழுக்காட்டை வற்புறுத்துவது, இயற்கை மறுப்பதை மனிதரிடம் கேட்பதாகும். வரம்பைத் தளர்த்துவதும் முழுத் தீர்வாகாது. ஏனெனில் சில மாதம் கெடாமல் சேமிக்க நெல்லின் ஈரப்பதம் 14 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். வெப்பக்காற்றால் உலர்த்தும் இயந்திரங்களைக் கொள்முதல் நிலையங்களை ஒட்டியே அடுத்த குறுவை அறுவடைக்கு முன் நிறுவ அரசு முன்வர வேண்டும்.