வேட்டுச் சத்தத்திலும் பேச்சு புரிவது எப்படி?

சித்திரைத் திருவிழாவில் அழகர் வண்டியூருக்கு வந்து சேரும் இரவில், வேட்டுக்கும் கொட்டுக்கும் நடுவேதான் சனங்கள் பேசிக்கொள்கிறார்கள். பல சொற்கள் பாதிதான் காதில் விழும். ஆனாலும் பேச்சு தடைபடுவதில்லை. விழாத பாதியை மூளையே போட்டு நிரப்பிவிடுகிறது.

1970-இல் ரிச்சர்ட் வாரன் என்ற அமெரிக்க உளவியலாளர், ஒலிப்பதிவான ஒரு வாக்கியத்தில் ஒரே ஒரு ஒலியை வெட்டிவிட்டு அங்கே இருமலைச் சேர்த்தார். கேட்டவர்களுக்கு வாக்கியம் முழுசாகவே கேட்டது. இருமல் எந்த இடத்தில் வந்தது என்றுகூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை. இருமலுக்குப் பதில் வெறும் அமைதியை வைத்தபோதோ, விடுபட்ட இடம் உடனே பிடிபட்டது.

ஒலி முழுசாகக் கேட்டாலும் வேலை முடிவதில்லை. தெப்பக்குளத்தில் "படி வழுக்கும்" என்றால் கற்படி. அரிசிக் கடையில் "ரெண்டு படி போடுங்க" என்றால் அளவு. பரீட்சைக்கு முந்தின நாள் அம்மா சொல்லும் "படி"க்கு விளக்கமே வேண்டாம். பல பொருள் கொண்ட சொல்லை, அதனோடு வரும் வினை, இனம், சார்பு ஆகியவற்றால் தெளியலாம் என்று தொல்காப்பியம் கிளவியாக்கம் என்ற இயலிலேயே சொல்லிவிட்டது. சார்புக்கு உரைகாரர் காட்டும் காட்சி அருமையானது: கவசம் பூண்டு நிற்பவன் "மா" கொண்டுவரச் சொன்னால், அவன் கேட்பது குதிரையை. மாங்காயை யாரும் நினைக்கமாட்டார்கள். இவ்வளவு கூர்மையாகக் கவனித்தவர்களை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

டேவிட் ஸ்வின்னி 1979-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் உள்ளே போகிறது. இரு பொருள் கொண்ட சொல்லைக் கேட்டதும் ஒரு கணம் இரண்டு பொருளும் மனதில் எழுகின்றன; சூழலுக்கு ஒவ்வாதது, அடுத்த சில அசைகளுக்குள் நாம் அறியாமலே அடங்கிவிடுகிறது.

எதிர்பார்ப்பு பொய்த்தால் மூளையின் மின்னலையிலேயே தெரியும். "இட்லிக்குக் கொஞ்சம் செங்கல் வைங்க" என்பது போன்ற வாக்கியங்களை மார்த்தா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்டு என்ற ஆய்வாளர்கள் படிக்கக் கொடுத்தார்கள். பொருந்தாத சொல்லைக் கண்ட சுமார் 400 மில்லி விநாடியில் ஒரு தனி அலை எழுவதை 1980-இல் அறிவித்தார்கள்.

வினைமுற்று கடைசியில் வரும் தமிழில் வேற்றுமை உருபும் இந்த எதிர்பார்ப்புக்குக் கைகொடுக்கிறது. "வண்டியூருக்கு" என்றதுமே போவதோ வருவதோ மனதில் தயாராகிவிடும்.

காது மந்தமான பெரியவர்கள் நம்மைவிட அதிகமாகச் சார்பை நம்பித்தான் கேட்கிறார்கள். அவர்களிடம் எடுத்த எடுப்பில் சேதியைக் கொட்டாதீர்கள். முகம் பார்த்து, "அத்தை, நாளைக்கு ஆஸ்பத்திரி போறதப் பத்திச் சொல்றேன்" என்று தொடங்கிவிட்டு, அப்புறம் நேரத்தைச் சொல்லுங்கள்.