எழுதச் சொன்னால் பென்சிலைக் கீழே போடுகிற பிள்ளைக்கு எந்தப் புத்தகம்?



சில வாரங்களுக்கு முன் சேலத்துச் சகோதரி ஒருவர் இந்தப் பகுதியில் ஒரு கேள்வி கேட்டிருந்தார். இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறாராம். கணக்கும் வாசிப்பும் பிரச்னையில்லை, எழுதப் பழக்க எந்தப் பாடத்திட்டத்தை எடுப்பது என்றுதான் திண்டாட்டம் என்று எழுதியிருந்தார். என் வீட்டு நிலைமையும் அதேதான். நாங்கள் பொள்ளாச்சிப் பக்கம். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 8. நான்கு வருடமாக வீட்டுப் படிப்பு. பள்ளியை ஏன் விட்டோம் என்பதற்குத் தனிக் கடிதம் வேண்டும். எழுத்து விஷயத்தில் நான் தேடிப் பார்த்ததையும், எங்களுக்குக் கை கொடுத்ததையும் மட்டும் சொல்கிறேன்.

என் மகன் கதை சொல்ல ஆரம்பித்தால் வாய் ஓயாது. தோட்டத்தில் மயில் வந்து தக்காளியைக் கொத்தியதை அரை மணி நேரம் சொல்வான். 'அதையே நோட்டுல நாலு வரி எழுது கண்ணு' என்றால் போதும், முகம் சுருங்கிவிடும். 'மயில் வந்தது. தக்காளி தின்றது. போனது.' அவ்வளவுதான், பென்சில் தரையில் கிடக்கும். என் மாமியார் இதைப் பார்த்துவிட்டு, 'ஏம்மிணி, நாளைக்கு ஒரு மனு எழுதத் தெரியாம நின்னான்னா ஊரு உன்னையத்தானே கேக்கும்?' என்பார்.

அவர் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. வீட்டில் படிக்கும் பிள்ளைகளில் பலர் கடைசியில் போய்ச் சேருவது என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசிய திறந்தநிலைப் பள்ளிதான். 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். ஐந்து பாடங்களில் தேற வேண்டும், அதில் ஒன்றாவது மொழிப் பாடமாக இருக்க வேண்டும். மணிக்கணக்கில் உட்கார்ந்து எழுதித்தான் ஆக வேண்டும். என் மகனுக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. மகளுக்கு இரண்டே வருடம்!

வீட்டுப் படிப்பு அதிகம் பழகிய அமெரிக்காவில் எழுதப் பழக்குவதற்கென்றே ஏகப்பட்ட பாடத்திட்டங்கள் விற்கிறார்கள். சூசன் வைஸ் பாவர் என்ற அம்மா எழுதிய 'ரைட்டிங் வித் ஈஸ்' (2008-ல் வந்தது) அதில் ஒன்று. அவர் சொல்கிற ஒரு விஷயம்தான் எனக்குக் கண்ணைத் திறந்தது. எழுதுவதில் இரண்டு வேலை இருக்கிறதாம். மனதில் இருப்பதை ஒரு முழு வாக்கியமாக்குவது ஒன்று. அந்த வாக்கியத்தைக் கையால் தாளில் இறக்குவது இன்னொன்று. சின்னப் பிள்ளையிடம் இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டால் திணறிப் போகும். அதனால் அவர் இரண்டையும் பிரித்து விடுகிறார். ஒரு கதையை வாசித்துக் காட்டுவோம், பிள்ளை அதை வாயால் திருப்பிச் சொல்லும், நாம் எழுதிக்கொள்வோம். கைக்குப் பயிற்சி தனியாக, ஒரு நல்ல வாக்கியத்தைப் பார்த்தெழுதுவது. போகப் போக, பிள்ளை சொன்ன வாக்கியத்தையே நாம் சொல்லச் சொல்ல அதுவே எழுதும். நமக்குத் தெரிந்த 'சொல்வதெழுதுதல்'தான், வேறொன்றும் இல்லை.

கேட்டதைத் திருப்பிச் சொல்ல வைப்பது இங்கிலாந்தின் சார்லட் மேசன் நூறு வருடத்துக்கும் முன்பே வலியுறுத்திய முறை. ஆறு வயதுக்கு முன் இதை வற்புறுத்திக் கேட்காதீர்கள் என்பார் அவர். நம் காந்தியும் தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணைப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பாடப் புத்தகத்தில் படித்ததை நினைவு வைக்கச் சிரமப்பட்ட பிள்ளைகள், தான் வாயால் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னார்கள் என்று சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். அங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான்! போப் ஐயரின் கையேட்டைத் தாண்டாத தமிழை வைத்துக்கொண்டு. ஆனால் அதே புத்தகத்தில் இன்னொன்றும் இருக்கிறது. தன் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாததால் மூத்த மகனுக்கு மனத்தாங்கல் இருந்ததை அவர் மறைக்கவில்லை. வீட்டில் படிக்க வைக்கும் ஒவ்வொரு அம்மாவும் அந்தப் பக்கத்தை ஒரு தரம் படிக்க வேண்டும் என்பேன். பாடத்திட்டத்தை நம் கொள்கைக்காகத் தேர்ந்தெடுக்கிறோமா, பிள்ளைக்காகவா என்று அது கேட்கும்.

சரி, அமெரிக்கப் புத்தகத்தை வாங்கிவிட்டால் வேலை முடிந்ததா? இங்கேதான் நமக்கு ஒரு தனிச் சிக்கல். நாம் பேசுவது ஒரு தமிழ், எழுதுவது வேறு தமிழ். எந்த வெளிநாட்டுப் புத்தகமும் இதற்கு வழி சொல்லாது. என் மகன் வாயால் சொன்னது இது: 'மயிலு வந்துச்சு, தக்காளியக் கொத்திப் போட்டுச்சு, நான் தொரத்துனேன், அது கூரை மேல ஏறி என்னையே பாத்துச்சு.' இதை நான் எப்படி எழுதிக்கொள்வது? 'வந்தது', 'கொத்திப் போட்டது' என்று திருத்தி எழுதிக் காட்டினால், 'நான் அப்படிச் சொல்லலியே' என்கிறான். தன் கதை தன்னுடையது இல்லாமல் போய்விட்ட மாதிரி இருக்கிறது அவனுக்கு.

நான் செய்வது இதுதான். அவன் சொல்வதைச் சொன்னபடியே, ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன். திரும்ப வாசித்துக் காட்டுகிறேன். விழுந்து விழுந்து சிரிப்பான். பிறகு அதில் ஒரே ஒரு வாக்கியத்தை அவனே தேர்ந்தெடுக்க வேண்டும். அதை மட்டும் இருவரும் சேர்ந்து புத்தகத் தமிழாக மாற்றுவோம். 'அது கூரை மேல் ஏறி என்னையே பார்த்தது.' இந்த ஒரு வரியை நல்ல எழுத்தில் பார்த்தெழுதினால் அன்றைய பாடம் முடிந்தது. 'யாருமே இப்படிப் பேசறதில்ல, எதுக்கும்மா இப்படி எழுதோணும்?' என்று ஒரு நாள் கேட்டான். 'நாகர்கோவில்ல இருக்கறவங்களுக்கும் நம்ம மயிலு புரியோணும்ல கண்ணு' என்றேன். இப்போது வாரத்துக்கு மூன்று வரி, நான்கு வரி என்று தானாக ஏறியிருக்கிறது. பென்சில் தரைக்குப் போவது நின்றுவிட்டது.

கைப் பழக்கத்துக்கு ஒரு வார்த்தை. 247 எழுத்தில் ந, ன, ண என்றும் ல, ள, ழ என்றும் குழப்புவது கொஞ்சமா? மாமியார் ஒரு தாம்பாளத்தில் மணலைப் பரப்பி விரலால் எழுத வைத்தார். இதைப் பழைய பஞ்சாங்கம் என்று தள்ளிவிடாதீர்கள். சென்னை எழும்பூர் அநாதை விடுதிப் பள்ளிக்கு 1789-ல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற வெள்ளைக்காரப் பாதிரியார், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியில் புகுத்தி, 1797-ல் லண்டனில் புத்தகமே போட்டார். 'மதராஸ் முறை' என்று அது இங்கிலாந்தில் பரவியது. மாமியாரிடம் இதைச் சொன்னேன், இரண்டு நாள் வீட்டில் நடையே தனி!

மகள் கதை நேர் எதிர். பக்கம் பக்கமாக எழுதுவாள். ஆனால் எதைக் கொடுத்தாலும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை. மழைநீர் சேகரிப்பு என்றாலும் மரம் வளர்ப்போம் என்றாலும் ஒரே முடிவுரை! அவளுக்குத் தம்பியின் பாடம் சரிப்படாது. அவளுக்கு 'இன்ஸ்டிடியூட் ஃபார் எக்ஸலன்ஸ் இன் ரைட்டிங்' என்கிற அமெரிக்கப் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டேன். ஒரு நல்ல பத்தியை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் மூன்று முக்கியச் சொற்களை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். 'பனை மரத்தில் வேர் முதல் நுனி வரை எல்லாமே பயன்படும்' என்றால் பனை, வேர்-நுனி, பயன். பிறகு மூலத்தை மூடி வைத்துவிட்டு, குறிப்பைப் பார்த்துத் தன் சொந்த வாக்கியத்தில் எழுத வேண்டும். தேர்வுக்குப் பாடத்தைப் படிக்கவும் இது நன்றாக உதவுகிறது. ஆனால் அதே பாடத்திட்டத்தில், பத்திக்கு ஒரு 'எல்-ஒய்' வினையடை, ஒரு 'பிகாஸ்' வாக்கியம் என்று போட்டு டிக் அடிக்கிற பட்டியல் ஒன்று வரும். ஆங்கிலத்துக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். தமிழில் அப்படித் திணித்தால் ரேடியோ விளம்பரம் மாதிரி ஆகிவிடுகிறது.

'பிரேவ் ரைட்டர்' என்று மூன்றாவதும் ஒன்று உண்டு. ஜூலி போகார்ட் என்பவர் உருவாக்கியது. சின்னப் பிள்ளைகள் சொல்வதை அம்மா எழுதிக்கொள்வது இதிலும் உண்டு. கொஞ்சம் பெரிய பிள்ளைகள் சில நிமிடம் பிழையைப் பற்றிக் கவலைப்படாமல் நிறுத்தாமல் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் மகள் இதைச் செய்கிறாள், நான் படிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஆனால் இந்த முறையில் தினமும் இன்னதைச் செய் என்று வரிசைப்படி எழுதிக் கொடுப்பது குறைவு. காலையில் பால் கறந்து, சமைத்து, பெரியவர்களுக்கு மருந்து கொடுத்துவிட்டு உட்காரும் என் போன்றவர்களுக்கு 'இன்று இந்தப் பக்கம், இந்தக் கேள்வி' என்று சொல்கிற புத்தகமே நிம்மதி. உங்களுக்கு யோசிக்க நேரம் இருந்தால் இது பிடிக்கும்.

சகோதரி, எதையும் முழு செட்டாக வாங்கிவிடாதீர்கள். தபால் செலவும் சேர்ந்தால் குடும்ப பட்ஜெட் தாங்காது. பதிப்பகத்தார் மாதிரிப் பக்கங்களை இணையத்தில் இலவசமாகவே போடுகிறார்கள். அதை எடுத்து இரண்டு வாரம் செய்து பாருங்கள். பிள்ளை உட்கார்ந்ததும் என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். 'என்ன எழுதறது?' என்று கேட்டால் அதற்கு விஷயம் வேண்டும், குறிப்புச் சொல் முறை உதவும். 'கை வலிக்குது' என்றால் எழுதும் அளவைக் குறைத்து, சொல்ல வைக்கும் புத்தகத்தைப் பாருங்கள். அப்புறம், உங்களால் தினமும் எத்தனை நிமிடம் பக்கத்தில் உட்கார முடியும் என்பதையும் கணக்குப் போடுங்கள். 'ரைட்டிங் வித் ஈஸ்' வாரம் நான்கு நாள் அம்மா கூடவே இருந்தால்தான் நடக்கும். தமிழுக்கு நான் வெளியே எதுவுமே வாங்கவில்லை. தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் தமிழ்ப் புத்தகங்களில் உள்ள கதைகளையே வாசித்து, திருப்பிச் சொல்ல வைக்கிறேன்.

திருத்துவதில் என் வீட்டுக்காரருக்கும் எனக்கும்தான் அடிக்கடி வாக்குவாதம். அவருக்குச் சிவப்புப் பேனாவை எடுத்தால் நோட்டு முழுக்க வட்டம் போட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு வகைப் பிழை மட்டும் என்று பேசி முடித்திருக்கிறோம். இந்த வாரம் ர, ற. மற்றதெல்லாம் கண்ணில் பட்டாலும் வாய் திறக்கக் கூடாது. பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒன்பது, பத்து வயதாகியும், வாயால் நன்றாகச் சொல்லும் பிள்ளை எழுத்தை மாற்றி மாற்றிப் போட்டு, ஒரு வரிக்கே களைத்துப் போனால், அடுத்த புத்தகத்தைத் தேடாதீர்கள். கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று விவரம் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இந்த வேலையைச் செய்கிறது. சோம்பேறி என்று திட்டு வாங்கியே வளரும் பிள்ளைகள் நிறைய.

வாசகிகளிடம் எனக்கும் ஒரு உதவி வேண்டும். பேச்சுத் தமிழிலிருந்து எழுத்துத் தமிழுக்குப் படிப்படியாகக் கொண்டுபோகிற பயிற்சிப் புத்தகம், எட்டு வயதுப் பிள்ளைக்கு ஏற்றதாக, யாராவது பயன்படுத்தியிருந்தால் புத்தகத்தின் பெயரை இந்தப் பகுதிக்கு எழுதிப் போடுங்களேன். ஓய்வு பெற்ற தமிழாசிரியைகள் யாராவது நோட்டில் தயாரித்து வைத்திருந்தாலும் சரி, ஜெராக்ஸ் செலவை நானே கொடுத்துவிடுகிறேன்.

- ஒரு வாசகி, பொள்ளாச்சி.