கேள்வி நேரமும் கொங்கண் ரயிலும்

"எம்.பி.க்கு எழுதி என்ன ஆகப் போகிறது?" என்ற பேச்சு நம் சங்கத்துக் கூட்டங்களில் ஒரு முறையாவது எழாமல் இருப்பதில்லை. நாம் மனு கொடுப்போம். அவர் மந்திரிக்குக் கடிதம் எழுதுவார். மந்திரி 'பரிசீலிக்கப்படும்' என்று பதில் போடுவார். அதோடு சரி என்பது நம்மில் பலருடைய தீர்மானம். நான் ரயில்வேயில் வொர்க்ஸ் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்து, பதவியின் பெயர் மாறிக்கொண்டே போக, ஏறக்குறைய அதே வேலையைச் செய்து ஓய்வு பெற்றவன். மந்திரிக்குப் போகும் கடிதம் கடைசியில் வந்து விழுகிற மேஜை என்னைப் போன்றவர்களுடையது. அந்த மேஜையிலிருந்து பார்த்ததைக் கொஞ்சம் சொல்லலாம் என்று தோன்றியது.

ரயில்வே பற்றி ஓர் உறுப்பினர் கேள்வி கொடுத்தால் அது மக்களவைச் செயலகத்திலிருந்து ரயில்வே போர்டுக்குப் போகும். போர்டிலிருந்து மண்டலத் தலைமை அலுவலகம், அங்கிருந்து டிவிஷன், டிவிஷனிலிருந்து செக்‌ஷன் இன்ஸ்பெக்டர் என்று மலையிலிருந்து உருட்டிவிட்ட கல் மாதிரி இறங்கி வரும். மொத்த அவகாசமே பத்துப் பதினைந்து நாள்தான். அதில் நம் பங்குக்கு மிஞ்சுவது ஒரு பகல்; சில சமயம் ஒரு ராத்திரி. 'பார்லிமெண்ட் கேள்வி, மிக அவசரம்' என்று கண்ட்ரோல் போனில் செய்தி வந்துவிட்டால் லீவில் போனவரைக்கூடக் கூப்பிட்டு அனுப்புவார்கள். பெரிய அதிகாரி கேட்கிற கணக்கைக்கூட 'நாளைக்குத் தருகிறேன் சார்' என்று தள்ளிப் போடலாம். இதைத் தள்ள முடியாது. மந்திரி சபையில் எழுந்து தப்பான தகவலைச் சொல்லிவிட்டால் அது உரிமைப் பிரச்சினையாகும். யார் கொடுத்த கணக்கு என்று தேடிக்கொண்டு வருவார்கள்.

மக்களவையில் காலை 11 முதல் 12 வரை கேள்வி நேரம். ஒரு நாளைக்கு 20 கேள்விகளுக்கு மட்டும் நட்சத்திரக் குறி உண்டு. அவற்றுக்கு மந்திரி வாயாலேயே பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்விகளையும் சமாளிக்க வேண்டும். குறியில்லாத 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில். அந்தப் பதிலில் 'செய்யப்படும்', 'பரிசீலனையில் உள்ளது' என்று வந்தால் அது உறுதிமொழிக் கணக்கில் ஏறிவிடும். இதைத் துரத்துவதற்கென்றே 1953 முதல் ஒரு குழு இருக்கிறது. மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். முடியாவிட்டால் காரணம் சொல்லி அவகாசம் கேட்க வேண்டும். ஆகவே கடிதத்தில் வரும் 'பரிசீலிக்கப்படும்' வேறு, சபையில் சொன்ன 'பரிசீலிக்கப்படும்' வேறு.

என் பொறுப்பில் இருந்த ஒரு சின்ன ஸ்டேஷன் பற்றி முதலில் ஒரு கடிதம் வந்தது. 'பயணிகளுக்கு அடிப்படை வசதிகள் இல்லை' என்று இருந்தது. குழாய், பெஞ்சு, விளக்கு எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தேன். 'அந்த வகை நிலையத்துக்கு விதிக்கப்பட்ட வசதிகள் அனைத்தும் உள்ளன' என்று பதில் போயிற்று. அது உண்மையும்கூட. இரண்டு வருஷம் கழித்து அதே ஸ்டேஷன் பற்றி வந்த கேள்வியோ வேறு ரகம். இன்ன எண்ணுள்ள வண்டியின் கடைசி ஐந்து பெட்டிகள் பிளாட்பாரத்துக்கு வெளியே நிற்பது உண்மையா? உண்மையானால், வயதானவர்கள் ஜல்லியில் குதித்து இறங்குவது அரசுக்குத் தெரியுமா? பிளாட்பாரத்தை நீட்டும் வேலை எந்த ஆண்டுத் திட்டத்தில் சேர்க்கப்படும்? ஊரிலிருந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார் நின்று எண்ணி எழுதிக் கொடுத்ததாம். டேப் பிடித்து அளந்தோம். பதிலின் முதல் சொல்லே 'ஆம்' என்று எழுத வேண்டியதாயிற்று. 'ஆம்' என்று எழுதிவிட்டால் மூன்றாவது கேள்விக்கு மழுப்ப இடமில்லை. அடுத்த பிங்க் புக்கில் அந்த வேலை இருந்தது.

இப்படிக் கேள்வி கேட்கும் உரிமை 1892-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் கிடைத்தது. 1893-ல் கவர்னர் ஜெனரலின் சபையில் கேட்கப்பட்ட முதல் கேள்வியே, சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளுக்குச் சாமான் கொடுத்தே நொடித்துப்போகும் கிராமத்துக் கடைக்காரர்களைப் பற்றியது. பதிலின் மேல் துணைக் கேள்வி கேட்க 1909 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சபையில் நம் புனேயிலிருந்து போய் உட்கார்ந்தவர் கோபால கிருஷ்ண கோகலே. ஏழையின் உப்புக்கு வரி ஏன் என்று வருஷா வருஷம் பட்ஜெட் விவாதத்தில் கணக்குக் காட்டிப் பேசினார். மணங்குக்கு இரண்டரை ரூபாயாக இருந்த வரி 1903-ல் இரண்டு ரூபாயாகி, 1907-ல் ஒரு ரூபாய்க்கு இறங்கியது. 1905-ல் அவர் இங்கே தொடங்கிய இந்திய ஊழியர் சங்கத்துக்கு, அவர் மறைவுக்குப் பின் தலைவரானவர் கும்பகோணத்துக்குப் பக்கத்து வலங்கைமான்காரர் சீனிவாச சாஸ்திரி என்பது புனேத் தமிழர்கள் கொஞ்சம் நிமிர்ந்து சொல்லிக்கொள்ளக்கூடிய விஷயம்.

கோகலே பிறந்த கோட்லுக் கிராமம் ரத்னகிரி ஜில்லாவைச் சேர்ந்தது. மலைக்கு இந்தப் பக்கம் நாம் இருக்க, அந்தப் பக்கம் கடலோரமாக இருக்கும் கொங்கண் பூமி. இந்தியாவின் முதல் ரயில் 1853-ல் பம்பாயிலிருந்து தானாவுக்கு ஓடியது. ரத்னகிரிக்கு ரயில் வர அதற்கப்புறம் 140 வருஷத்துக்கு மேல் ஆயிற்று! கொங்கணத்து ஆண்கள் பம்பாய் மில்களில் வேலை செய்வார்கள். வீட்டில் அடுப்பெரிவது மணியார்டரில். ஊருக்குப் போக, கடலோரக் கப்பல் உண்டு. மழைக்காலத்தில் அதுவும் கிடையாது. பம்பாயிலிருந்து ரேவஸுக்குப் புறப்பட்ட 'ராம்தாஸ்' கப்பல் 1947 ஜூலை 17-ஆம் தேதி கவிழ்ந்து அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அந்த வட்டாரத்துக்காரர்கள் ரயில் கேட்டது சொகுசுக்காக அல்ல.

1957-ல் ராஜாபூர் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனவர் பாரிஸ்டர் நாத் பை. வெங்குர்லாக்காரர், பேச்சில் மன்னர். கொங்கண் ரயில் வேண்டும் என்று அவர் எழுப்பிய குரல் 1971 ஜனவரியில் அவர் மறையும் வரை ஓயவில்லை. ஜகஜீவன்ராம், ஸ்வரண் சிங், தாசப்பா, எஸ்.கே. பாட்டீல், பூனாச்சா என்று ரயில் மந்திரிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஓடியது என்னவோ 1964-ல் திவாவிலிருந்து பன்வேல் வரை, 1966-ல் ஆப்டா வரை. அதோடு நின்றது.

மறுத்தவர்கள் எல்லாரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். புதுப் பாதை போட்டால் போட்ட பணத்துக்கு இத்தனை சதவீதம் வருமானம் வர வேண்டும் என்று ஒரு விதி உண்டு. கொங்கணத்தில் நிலக்கரி இல்லை, ஆலைகள் இல்லை. நூறு அடிக்கு ஒரு ஓடை, மைலுக்கு ஒரு மலை. எந்தக் கணக்கர் கூட்டிப் பார்த்தாலும் நஷ்டம்தான் வரும். பேனாவின் மேல் குற்றமில்லை. ராம்தாஸில் மூழ்கியவர்களை எழுத அந்தப் படிவத்தில் கட்டமில்லை, அவ்வளவுதான்.

1971-ல் அதே தொகுதியில் வென்றவர் மது தண்டவதே. பம்பாய்க் கல்லூரியில் பௌதிகம் கற்பித்த பேராசிரியர். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். எமர்ஜென்சியில் சிறைக்குப் போனார். 1977 மார்ச்சில் அவரே ரயில் மந்திரி! கேட்டவரே பதில் சொல்ல வேண்டிய நாற்காலி. பலர் நினைத்தது போல் ஒரு கையெழுத்தில் கொங்கண் ரயில் வந்துவிடவில்லை. திட்டக் குழுவும் நிதி அமைச்சும் இருந்தனவே. இருந்த இரண்டு வருஷத்தில் அவர் செய்த காரியம் நாடு முழுவதற்கும் பயன்பட்டது. இரண்டாம் வகுப்பில் அதுவரை வெறும் மரப்பலகைதான். சென்னைக்குப் போகிற நம்மவர்கள் ஹோல்டாலை விரித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அதன்மேல் இரண்டங்குல நுரை மெத்தை போட வைத்தவர் தண்டவதே. 1977 டிசம்பர் 26-ஆம் தேதி புறப்பட்ட கீதாஞ்சலி எக்ஸ்பிரஸ், வகுப்பு வித்தியாசம் இல்லாத வண்டியாக ஓடியது. 1974 வேலைநிறுத்தத்தில் வேலை போனவர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டவரும் அவரே. பழைய ரயில்வேக்காரர்கள் அந்தப் பெயரை இன்னும் மரியாதையோடு சொல்வதற்கு அது காரணம்.

பாதை 1986-ல் ரோஹாவைத் தொட்டது. 1989 டிசம்பரில் வி.பி. சிங் மந்திரிசபை. தண்டவதே நிதி மந்திரி. ரயில் மந்திரியாக மங்களூரில் பிறந்த ஜார்ஜ் பெர்னாண்டஸ். திட்டக் குழுவின் துணைத் தலைவர் ராமகிருஷ்ண ஹெக்டே, அவரும் வட கன்னடக்காரர். மறுத்துக்கொண்டிருந்த மூன்று நாற்காலிகளிலும் ஒரே சமயத்தில் அந்தக் கடற்கரையை அறிந்தவர்கள். இது அதிர்ஷ்டம்தானே என்பீர்கள். ஒருவகையில் அப்படித்தான். ஆனால் 33 வருஷம் யாரும் கேட்காமல் இருந்திருந்தால், அந்த நாற்காலிகளின் முன்னால் வைக்க ஃபைலே இருந்திருக்காது. புது வழியும் கண்டுபிடித்தார்கள். ரயில்வே பட்ஜெட்டை நம்பாமல் தனிக் கார்ப்பரேஷன். மத்திய அரசு 51 பங்கு, மகாராஷ்டிரம் 22, கர்நாடகம் 15, கோவாவும் கேரளமும் ஆறாறு. மீதிப் பணத்துக்குப் பொதுமக்களிடம் கடன் பத்திரம்.

1990 ஜூலையில் கார்ப்பரேஷன் பதிவானது. தலைமைக்கு வந்தவர் ஈ. ஸ்ரீதரன், 1964 புயலில் சிதைந்த நம் பாம்பன் பாலத்தை 46 நாளில் எழுப்பிய அதே மனிதர். ஏறக்குறைய 740 கிலோமீட்டர். சுரங்கங்கள் மட்டும் தொண்ணூறுக்கு மேல், பாலங்கள் சிறிதும் பெரிதுமாக இரண்டாயிரம் அளவில். கர்புடே சுரங்கம் ஆறரை கிலோமீட்டர் நீளம். ரத்னகிரி அருகே பன்வல் நதிப் பாலம் 64 மீட்டர் உயரம். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து கீழே பார்த்தால் எனக்கே வயிற்றைக் கலக்கும். கோவாவில் பாதை எந்த வழியாகப் போவது என்று தகராறு, பெர்னேம் சுரங்கத்தில் சேறாய்ச் சரியும் மண் என்று தாமதமாகி, 1998 ஜனவரி 26-ல் முழுப் பாதையும் திறந்தது. அதற்கு முன்பே, 1991 தேர்தலில், ராஜாபூரில் தண்டவதே தோற்றுப்போயிருந்தார். இன்று கட்ச் பக்கம் காந்திதாமிலிருந்து நாகர்கோவிலுக்குப் போகும் வண்டி அந்த வழியாகத்தான் போகிறது.

புனேயிலிருந்து தெற்கே போகும் வண்டிகளைப் பற்றி நம் சங்கம் எம்.பி.க்கு மனு எழுதுவதாக இருந்தால், 'தமிழர்களின் நெடுநாள் கோரிக்கை' என்று தொடங்க வேண்டாம் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த வாக்கியத்துக்கு என்ன பதில் எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். வண்டி எண், தேதி, எத்தனை நாள் முன்னதாக முன்பதிவுக்குப் போனோம், காத்திருப்போர் பட்டியலில் எத்தனையாவது எண், கடைசியில் இடம் கிடைத்ததா என்ற விவரம் வேண்டும். பொங்கல், தீபாவளி, கோடை விடுமுறைப் பயணங்களின் டிக்கெட் நகல் வைத்திருப்பவர்கள் செயலாளரிடம் கொடுத்து வையுங்கள். தொகுத்து எழுதிக் கொடுக்க நான் தயார். கூட்டத்தொடர் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே அது எம்.பி.யின் கையில் இருக்க வேண்டும்.