640 கே.பி.க்குள் ரெண்டு வேலை!

செல்போனில் பாட்டுக் கேட்டபடியே சாட் செய்கிறீர்கள். 1980-களின் பி.சி.யில் இது நடக்காது. டாஸில் ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான். கடிதம் அடிக்க வேண்டுமென்றால், கணக்கை மூடியாக வேண்டும்.

1985-ல் அமெரிக்காவின் குவார்ட்டர்டெக் நிறுவனம் 'டெஸ்க்வியூ' மென்பொருளைக் கொண்டுவந்தது. கையில் இருந்த டாஸ் புரோகிராம்களையே தனித்தனி ஜன்னல்களில் ஒன்றாக ஓட்டியது அது. ஆனால், இன்ஸ்டால் செய்தால் மட்டும் போதாது. எந்த புரோகிராமுக்கு எத்தனை கே.பி. மெமரி என்று பயனரே பங்கு பிரிக்க வேண்டும். டாஸ் கொடுத்ததோ மொத்தமே 640 கே.பி.! 386 சிப்பும் கூடுதல் மெமரியும் வைத்திருந்தவர்கள், 'கியூ.இ.எம்.எம்.' என்ற துணை மென்பொருளால் அந்த வேலியைத் தாண்டினார்கள்.

1990-ல் மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் 3.0 வந்தது. டெஸ்க்வியூ மெல்ல மறைந்தது. இன்று உங்கள் போன் சத்தமில்லாமல் செய்யும் பங்கு பிரிப்பை, அன்று அவர்கள் கையால் செய்தார்கள்!